புதையலுக்கு முன்னால் மூச்சைப் பற்றிப் பேசுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலுக்கடியில் புதையல் தேடுவதைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சுவையாகத்தான் எழுதியிருந்தீர்கள், ஆனால் பாதிதான் எழுதியிருந்தீர்கள். மூழ்கிய கப்பல், தங்கம், கோடிக்கணக்கில் மதிப்பு எல்லாம் வந்தது. அங்கே இறங்குகிறவன் எப்படி மூச்சு விடுவான், எப்படி உயிரோடு மேலே வருவான், கையில் கிடைத்ததை என்ன செய்ய வேண்டும் என்பது வரவில்லை. அதைப் படித்துவிட்டு எங்கள் பக்கத்துப் பையன்கள் சிலர் என்னிடம் வந்து, "அண்ணே, ஸ்கூபா செட் ஒண்ணு என்ன விலை வரும்?" என்று, காற்று அடைத்த சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு இறங்குகிற அந்தக் கருவியின் விலையைக் கேட்டார்கள். படிக்க எவ்வளவு ஆகும், எத்தனை நாள் ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தூத்தூர் பக்கத்துக் கடற்கரைக்காரன். அப்பா சிப்பிக்கு முங்குகிறவர். நீரோடி தாண்டினால் பொழியூர், அங்கிருந்து கேரளம்தான், எங்களுக்கு அந்த எல்லை பஸ்ஸில் டிக்கெட் எடுக்கும்போது மட்டும் தெரிகிற ஒன்று. கோவளம் பக்கம் ஒரு டைவிங் மையத்தில் வேலை பார்க்கிறேன், புதிதாகக் கற்க வருகிறவர்களைக் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு வருவது என் வேலை. ஆகவே இதை யாரையும் பயமுறுத்த எழுதவில்லை. கடலுக்கடியில் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது வர வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். அதை அவர்கள் தொடங்குகிற விதம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

இந்தப் பக்கத்தில் புதையல் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. 2011இல் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் அறைகளைத் திறந்த நாளிலிருந்து அது இன்னும் கூடிவிட்டது. குளச்சலில் கேட்டால் 1741இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்ற டச்சுக்காரன் கடலில் போட்டுவிட்டுப் போன தங்கத்தைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அந்தச் சண்டை கரையில் நடந்த சண்டை. பிடிபட்ட துப்பாக்கியும் பீரங்கியும் திருவிதாங்கூர் படைக்குப் போயின, பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய் பிறகு அதே மன்னருக்குப் படைத்தளபதி ஆனார், உதயகிரிக் கோட்டைக்குள் அவருடைய கல்லறையை இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். தங்கத்தை நம்பிக் குளச்சல் கடலில் இறங்குகிறவன் கதையை நம்பி இறங்குகிறான், அவ்வளவுதான்.

அதற்காக எங்குமே ஒன்றும் கிடைக்காது என்று சொல்ல மாட்டேன். இலங்கையின் தென்கிழக்கே கிரேட் பாசஸ் பாறைத்திட்டு அருகே 1961இல், எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கோடு சேர்ந்து டைவிங் செய்துவந்த மைக் வில்சனும் இரண்டு சிறுவர்களும் வெள்ளிக் காசுகளைக் கண்டுபிடித்தார்கள். ஔரங்கசீப் காலத்தில் சூரத்தில் அடித்த ரூபாய்கள், 1702ஆம் ஆண்டுக்குரியவை. காசு காசாகச் சிதறியவை போக, மூட்டை மக்கிப் போன பிறகும் மூட்டையின் வடிவத்திலேயே ஒன்றோடொன்று இறுகிய கட்டிகளாகவும் கிடைத்தன. நம் பூம்புகாருக்கு வெளியே 19 மீட்டர் ஆழத்தில் கோவா தேசியக் கடலியல் ஆய்வு நிறுவனத்தார் ஒரு கப்பலைக் கண்டார்கள், அதில் இருந்தது பொன் அல்ல, ஈயக் கட்டிகள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்த சரக்கு. என்னைக் கேட்டால் அந்த ஈயம்தான் பெரிய விஷயம். எந்த ஊரில் வார்த்த ஈயம் எந்தத் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது, ஏன் சோழமண்டலக் கடலில் மூழ்கியது என்று அதை வைத்துக்கொண்டு கேள்வி கேட்க முடியும். ஒரு பையன் அதில் நாலு கட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வலைக் குண்டுக்கு உருக்கியிருந்தால் அந்தக் கேள்விகளும் அதோடு உருகிப் போயிருக்கும்.

சரி, இறங்குவதற்கு வருவோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், உங்கள் கட்டுரையிலும் அது தவறாக வந்திருக்கிறது. முதுகில் கட்டிக்கொள்ளும் சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் இல்லை. நீங்களும் நானும் இப்போது சுவாசிக்கிற இதே காற்றை, ஈரமும் எண்ணெயும் போக வடிகட்டி, சுமார் 200 பார் அழுத்தத்துக்கு (ஒரு பார் என்பது கிட்டத்தட்ட நம்மைச் சுற்றியிருக்கிற காற்றின் அழுத்தம்) அடைத்து வைத்திருக்கிறார்கள். இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. "ஆக்சிஜன் சிலிண்டர்" என்று பத்திரிகையில் திரும்பத் திரும்பப் படிக்கிறவன் வெல்டிங் கடையில் கிடைக்கும் ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு இறங்கினால் என்ன என்று யோசிப்பான். சுத்த ஆக்சிஜன் ஆறு மீட்டருக்குக் கீழே போனால் விஷமாகிவிடும். வலிப்பு வரும், சிலிண்டர் காற்றைக் கொடுக்கிற, வாயில் கடித்திருக்கும் ரெகுலேட்டர் நழுவும், அப்புறம் தண்ணீர்தான் உள்ளே போகும்.

இன்னொரு குறுக்குவழியும் நம் கடற்கரையில் உண்டு. டயருக்குக் காற்றடிக்கிற சாதாரண கம்ப்ரசரால் 200 பார் அடைக்க முடியாது, அதனால் அதைப் படகில் வைத்து நீளமான குழாய் மாட்டி, குழாய் நுனியை வாயில் வைத்துக்கொண்டு இறங்குவது. தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவர்கள் இப்படித்தான் போகிறார்கள், வயிற்றுப்பாட்டுக்கு. அவர்களில் கை கால் முடங்கி வீட்டோடு கிடப்பவர்கள் உண்டு. அந்த எஞ்சின் விடுகிற புகையை அதே கம்ப்ரசர் உறிஞ்சினால் கார்பன் மோனாக்சைடு நேரே நுரையீரலுக்குப் போகும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, கீழே இருக்கிறவனுக்குத் தூக்கம் வருவது போல இருக்கும். புதையலுக்காக இப்படி இறங்கலாம் என்று ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிற பையன்களிடம் என்னால் பொறுமையாகப் பேச முடியவில்லை.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எங்கள் கடியப்பட்டணம், குளச்சல், இனயம், விழிஞ்ஞம், முல்லூர் பக்கம் சிப்பிக்கு முங்குகிற குடும்பங்களின் பிள்ளைகள் பிறவியிலேயே தண்ணீர்க்காரர்கள். கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு, பாறையில் அலை அடிக்கிற இடத்தில் உளியும் வலைப்பையும் எடுத்துக்கொண்டு இறங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சிப்பியைப் பெயர்த்துக்கொண்டு வருவார்கள். பணம் கட்டி வருகிற எந்த மாணவனும் அவர்கள் கிட்டே நிற்க முடியாது. ஆனால் ஸ்கூபாவுக்கு அவர்கள் வரும்போது அந்தத் திறமைக்குள்ளேயே ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது, அது அவர்களுக்குத் தெரியாது. மூச்சைப் பிடிக்கும் பழக்கம்.

காரணம் இதுதான். மேலே இழுத்த மூச்சோடு முங்குகிறவனுக்குக் கீழே போகப் போக நுரையீரலில் இருக்கும் காற்று சுருங்கும், மேலே வரும்போது பழைய அளவுக்கு வரும். அதற்கு மேல் விரியாது. ஸ்கூபாவில் அப்படியில்லை. தண்ணீரில் 10 மீட்டருக்கு ஒரு பார் அழுத்தம் கூடுகிறது, ஆகவே 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பு, 20இல் மூன்று மடங்கு, 30இல் நான்கு மடங்கு. ரெகுலேட்டர் எந்த ஆழத்தில் இருக்கிறோமோ அந்த அழுத்தத்துக்குத் தக்கபடி காற்றைக் கொடுக்கும். 10 மீட்டரில் நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்து அதைப் பிடித்துக்கொண்டே ஒருவன் மேலே வந்தால், அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் கிழியும். இதற்கு ஆழ்கடல்கூடத் தேவையில்லை, நீச்சல் குளத்தின் ஆழத்திலேயே நடக்கும். சிப்பிக்கு முங்கிப் பழகியவனுக்கு ஏதாவது பதற்றம் வந்தால் உடம்பு தானாகவே பழைய பழக்கத்துக்குப் போகும், மூச்சை இறுக்கிக்கொண்டு மேல்நோக்கி ஒரே உதை. அதைத்தான் முதலில் மறக்கடிக்க வேண்டியிருக்கிறது. ஸ்கூபாவின் முதல் பாடமே மூச்சை ஒருபோதும் நிறுத்தாதே, இழுத்து விட்டுக்கொண்டே இரு என்பதுதான். எங்கள் பையன்களுக்கு நான் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். தண்ணீருக்குள் இறக்கி, ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்கச் சொல்லி, குமிழி விட்டுக்கொண்டே திரும்ப மாட்டச் சொன்னால், கன்னம் உப்பி உதடு இறுகி நிற்பார்கள், ஒரு குமிழிகூட வராது. அதைப் பார்த்தால்தான் பழக்கம் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று புரியும்.

இரண்டாவது, மேலே வருகிற வேகம். அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றிலிருக்கும் நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மெதுவாக வந்தால் மூச்சோடு வெளியே போய்விடும், அவசரமாக வந்தால் உடம்புக்குள்ளேயே குமிழிகளாகிவிடும். மூட்டுவலியில் தொடங்கி வாதம் வரைக்கும் கொண்டுபோகும், உயிரும் போகலாம். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் கூடாது, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்றுவிட்டு வர வேண்டும். டைவ் செய்த அன்றைக்கே விமானம் ஏறக் கூடாது, குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும் என்று எங்கள் மையத்தில் சொல்லுவோம். இந்த நோய் வந்தவனைச் சாதாரண ஆஸ்பத்திரியில் வைத்து முழுசாகக் குணப்படுத்த முடியாது, அழுத்த அறையில் வைத்து மறுபடி அழுத்தம் கொடுத்து மெல்லமெல்ல இறக்க வேண்டும். கொச்சி கடற்படைத் தளத்தில் அது இருக்கிறது. நீரோடியிலிருந்து கொச்சி எவ்வளவு தூரம் என்று இறங்குவதற்கு முன்னால் யோசித்துக்கொள்ளுங்கள்.

முறையான படிப்பு பெரிய கம்பசூத்திரம் இல்லை. பாடி (PADI), எஸ்எஸ்ஐ (SSI) போன்ற டைவிங் பயிற்சி அமைப்புகளின் முதல்நிலைப் படிப்பு மூன்று நான்கு நாளில் முடிந்துவிடும். 10 வயதிலிருந்து சேரலாம். 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும், 10 நிமிடம் மிதந்து காட்ட வேண்டும், அது எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு விஷயமே இல்லை. அப்புறம் ஆழமில்லாத தண்ணீரில் பயிற்சி, கடைசியாகக் கடலில் நான்கு டைவ். முடித்தால் பெரியவர்கள் 18 மீட்டர் வரை போகலாம், அடுத்த நிலை முடித்தால் 30 மீட்டர். பொழுதுபோக்கு டைவிங்குக்குக் கடைசி எல்லையே 40 மீட்டர்தான். 30 மீட்டருக்குக் கீழே போகப் போக நைட்ரஜன் தலைக்கேறும், குடித்தவனுக்கு வருகிற மாதிரி ஒரு தைரியமும் சந்தோஷமும் வரும், காற்று எவ்வளவு மிச்சம் என்று கேஜைப் பார்க்கவே தோன்றாது. புதையல் ஆசையோடு போகிறவனுக்கு அந்த மயக்கம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. செலவு இடத்துக்கு இடம் மாறும், 30,000 ரூபாயை ஒட்டி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதயக்கோளாறு, காதில் பழைய ஓட்டை இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் வரக் கூடாது. சளி பிடித்திருந்தால் அன்றைக்கு இறங்கவே கூடாது, காது அடைத்துக்கொள்ளும்.

காது பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு இரண்டு மூன்று அடிக்கும் மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதி, காதுக்குள் அழுத்தத்தைச் சமன்செய்துகொண்டேதான் இறங்க வேண்டும், வலி வந்த பிறகு ஊதினால் லேட். எங்கள் அப்பாவுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் வயதில் இருக்கும் சிப்பிக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து பேசினால் தெருமுனை வரை கேட்கும், யாருக்கும் காது சரியில்லை. ஒரு சின்ன வித்தை, பத்து நிமிடத்தில் கற்றுக்கொடுக்கலாம். இவ்வளவு காலமாக ஒருவரும் எங்கள் கரைக்கு வந்து அதைக் கற்றுக்கொடுக்கவில்லை என்பது எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

எங்கள் கடலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வெளியூர்ப் பிள்ளைகள் படத்தில் பார்க்கிற நீலக் கடல் இங்கே வருடம் முழுக்க இருக்காது. ஜூன் தொடங்கி கச்சான் என்கிற மேற்குக் காற்றும் மழையும் வந்தால் செப்டம்பர் வரைக்கும் தண்ணீர் கலங்கிக் கிடக்கும், நீட்டிய கை தெரியாது. நவம்பரிலிருந்து தெளியத் தொடங்கி, மார்ச் வரைக்கும்தான் நல்ல காலம், அதிலும் நீவாடு (கடல் நீரோட்டம்) மாறுகிற நாளில் இறங்கவே முடியாது. கள்ளக்கடல் வேறு. காற்றும் இல்லை மழையும் இல்லை என்று தோன்றுகிற நாளில், தொலைதூரத்தில் எங்கோ எழும்பிய அலை கரைக்கு வந்து ஏறும். 2024 மே மாதம் நம் மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்துபோனது அப்படிப்பட்ட நாளில்தான். கடல் எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்க்காமல் ஒருவரும் இறங்கக் கூடாது. விழிஞ்ஞம் துறைமுக எல்லைக்குள்ளும் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் பக்கத்திலும் போகவே கூடாது, மற்ற இடங்களிலும் கடலோரக் காவல் குழுமத்துக்குச் சொல்லிவிட்டு இறங்குவதுதான் சரி.

மூழ்கிய கப்பல் எங்கே கிடக்கிறது என்று கம்ப்யூட்டரில் தேடுகிறார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்பதில்லை. மடி வலை எங்கே போய் மாட்டிக் கிழிகிறது, பார் (கடலடிப் பாறை) இல்லாத இடத்தில் பாரில் கிடைக்கிற மீன் எங்கே கிடைக்கிறது என்று அவர்களுக்கு மனப்பாடம். கரையில் தெரியும் கோயில் கோபுரத்தையும் பின்னால் இருக்கும் மலையுச்சியையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்து, இன்னொரு பக்கம் இன்னொரு அடையாளத்தை வைத்து, ஜிபிஎஸ் வருவதற்கு முன்னாலேயே அந்த இடத்துக்குக் கொண்டுபோய் நங்கூரம் போட்டவர்கள். ஆனால் மடி மாட்டுகிற இடம் என்றால் மடியும் அங்கேயே கிடக்கிறது என்று அர்த்தம். அறுந்துபோன நைலான் வலை தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது, முதுகில் இருக்கும் சிலிண்டர் வால்வில் போய்ச் சிக்கும், திரும்பத் திரும்ப இன்னும் சுற்றிக்கொள்ளும். கூட்டாளி இல்லாமல், வலை அறுக்கக் கத்தி இல்லாமல் கப்பல் கிடக்கும் இடத்துக்குப் போகவே கூடாது. அதற்கென்று தனிப் பயிற்சி இருக்கிறது, அதைப் படிக்காமல் கப்பலுக்குள் நுழைவது தற்கொலைதான்.

அப்புறம், கீழே எதைப் பார்க்கிறோம் என்பது. பெட்டி திறந்து தங்கம் மின்னுவதெல்லாம் சினிமாவில்தான். பழைய மரக்கப்பல் என்றால் மணலுக்கு மேலே இருந்த மரத்தைக் கப்பல்புழு தின்று முடித்திருக்கும், மணலுக்குள் புதைந்த பகுதிதான் மிஞ்சும். இரும்பு, சுண்ணாம்பு படிந்து பாறை போல ஆகிவிடும். வெள்ளி கறுத்து, கருப்பட்டி அடுக்கியது மாதிரி ஒட்டிக்கிடக்கும், தெரியாதவன் மிதித்துக்கொண்டு போய்விடுவான். தங்கம் மட்டும்தான் நிறம் மாறாமல் இருக்கும், அது கிடைப்பது ஆயிரத்தில் ஒன்று. நான் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: கடலடியில் நேர்க்கோடு தானாக வராது. மணலில் நேரான விளிம்பு தெரிந்தால், அந்த இடத்துக்குச் சம்பந்தமில்லாத உருண்டைக் கல் ஒரே குவியலாகக் கிடந்தால், நில்லுங்கள். அந்தக் கல் கப்பல் ஆடாமல் இருக்க அடியில் போட்ட பாரக்கல்லாக இருக்கலாம். தண்ணீருக்கடியில் எழுதும் பலகையில் ஆழத்தையும் திசையையும் குறித்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு மேலே வாருங்கள். எதையும் எடுக்காதீர்கள்.

ஏன் எடுக்கக் கூடாது என்பதற்குச் சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் நல்ல காரணம் இருக்கிறது. நூறு இருநூறு வருடம் உப்பில் ஊறிய மரத்தை வெயிலில் வைத்தால் சில நாளில் சுருங்கி வெடித்துப்போகும். இரும்புப் பீரங்கிக்குள் ஏறிய உப்பு, காற்று பட்டதும் துருவாகிப் படலம் படலமாக உதிரும். அதைக் காப்பாற்ற வருடக்கணக்கில் தண்ணீர்த் தொட்டியிலேயே போட்டு உப்பை இறக்க வேண்டும். வீட்டு முற்றத்தில் வைத்துச் செய்கிற வேலை இல்லை. 2001இல் யுனெஸ்கோ கொண்டுவந்த உடன்படிக்கையும் நூறு வருடத்துக்கு மேல் நீருக்கடியில் இருப்பதை முதலில் இருந்த இடத்திலேயே காப்பாற்றப் பார், அதை வைத்து வியாபாரம் செய்யாதே என்றுதான் சொல்கிறது.

சட்டத்துக்கு வந்தால், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 வருடம் தாண்டிய காசு, சிலை, பாத்திரம் எல்லாம் தொல்பொருள். உரிமம் இல்லாமல் அதை வைத்து வணிகம் செய்ய முடியாது, வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. சிதைந்த கப்பலின் பொருளைக் கண்டெடுத்தவன், அது தன்னுடையது இல்லையென்றால், அதற்கென்று இருக்கிற அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று வணிகக் கப்பல் சட்டம் சொல்கிறது. கரையில் மண்ணுக்கடியில் கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், 10 ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். பவளப்பாறைத் துண்டு, கடல் அட்டை இதையெல்லாம் நினைவுக்கு என்று எடுத்து வந்தால்கூட வனவிலங்குச் சட்டத்தில் வழக்கு வரும். 2024 ஜூலையில் கண்ணூர் மாவட்டம் செங்களாயியில் நூறு நாள் வேலையில் மழைநீர்க்குழி வெட்டிய பெண்களுக்குப் பொன்னும் முத்தும் வெள்ளிக்காசும் கொண்ட பாத்திரம் கிடைத்தது. முதலில் வெடிகுண்டோ என்று பயந்தார்கள், பிறகு போலீசுக்குச் சொல்லி ஒப்படைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா. உங்கள் கட்டுரையில் அவர்களுக்கு ஒரு வரி இருந்திருக்கலாம்.

அதில் வந்தவர்கள் வேறு ஆட்கள். அமெரிக்காவில் மெல் ஃபிஷர் அட்டோச்சா கப்பலின் பெரும் புதையலை 1985இல் கண்டுபிடித்ததை எழுதினீர்கள். அதற்கு 16 வருடம் ஆனதையும், 1975இல் அந்தத் தேடலில் படகு கவிழ்ந்து அவருடைய மகனும் மருமகளும் இன்னொரு டைவரும் இறந்ததையும் எழுதவில்லை. ஒடிசி என்ற கம்பெனி 2007இல் ஸ்பெயின் கப்பலிலிருந்து ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட காசை எடுத்துக்கொண்டு போனதை எழுதினீர்கள். 2012இல் கோர்ட் உத்தரவுப்படி அத்தனையும் ஸ்பெயினுக்கே திரும்பிப் போனதை எழுதவில்லை. படிக்கிற பையனுக்கு முதல் பாதி மட்டும்தான் போய்ச் சேருகிறது.

புதிதாக மூழ்கும் கப்பல்களைப் பற்றியும் நம் ஆட்களுக்கு ஒரு நினைப்பு இருக்கிறது, சரக்கு மிதந்து வந்தால் நமக்கு என்று. 2025 மே 25ஆம் தேதி கேரளக் கடலில் எம்எஸ்சி எல்சா 3 மூழ்கியபோது அதில் 640 கன்டெய்னர்கள். 13இல் ஆபத்தான சரக்கு, அதில் பெரும்பாலும் கால்சியம் கார்பைடு. தண்ணீர் பட்டால் அசிட்டிலின் வாயு வரும், ஒரு பொறி போதும். அந்தக் கப்பலின் பிளாஸ்டிக் குருணை நம் குமரிக் கரை வரைக்கும் வந்து ஒதுங்கியது, மணலில் கையை விட்டால் வெள்ளை வெள்ளையாக வந்தது. கரையில் ஒதுங்கும் பெட்டியைத் தொடாதீர்கள் என்று அதிகாரிகள் சொன்னது சும்மா இல்லை.

எனக்கு வேண்டியது இரண்டு விஷயம். ஒன்று, மீன்வளத் துறையும் சுற்றுலாத் துறையும் சேர்ந்து குமரி மேற்குக் கடற்கரையில் ஒரு ஸ்கூபா பயிற்சி மையம் வைக்க வேண்டும், அதில் முதல் இடம் சிப்பிக்கு முங்குகிற குடும்பங்களுக்குத் தர வேண்டும், பாடம் தமிழில் இருக்க வேண்டும். இப்போது எங்கள் பிள்ளை படிக்க வேண்டுமென்றால் எல்லை தாண்டி வந்து, அப்பாவின் பல மாத வருமானத்தைக் கட்டி, ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு திணறுகிறான். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கடல்சார் தொல்லியலுக்கே ஒரு துறை இருக்கிறது. அவர்கள் வருடத்துக்கு ஒரு முறை வந்து எதைப் பார்த்தால் என்ன குறிக்க வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு நாள் வகுப்பு எடுத்தால், அரசுக்குச் சம்பளமில்லாத காவல்காரர்கள் நூறு பேர் இந்தக் கடலில் கிடைப்பார்கள். மடி மாட்டுகிற இடமெல்லாம் தெரிந்த பெரியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கும்போதே அது நடக்க வேண்டும், அவர்களோடு அந்தக் கணக்கும் போய்விடும்.

இரண்டாவது உங்களிடம். அதே ஞாயிறு இணைப்பில், அதே அளவு இடத்தில், இந்த மறுபாதியைப் போடுங்கள். அழுத்த அறை எங்கே இருக்கிறது, கடலில் ஏதாவது கிடைத்தால் யாருக்குச் சொல்வது, நல்ல டைவிங் மையத்தை எப்படிக் கண்டுபிடிப்பது (சிலிண்டருக்கு நீரழுத்தச் சோதனை செய்த தேதி போட்டிருக்கிறதா, ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர், படகில் முதலுதவிக்கு ஆக்சிஜன் இருக்கிறதா என்று கேட்டாலே போதும்) இதையெல்லாம் ஒரு பெட்டிச் செய்தியாகக் கொடுங்கள். எழுத ஆள் வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன், கோவளத்திலும் எங்கள் கரையிலும் விஷயம் தெரிந்தவர்கள் சொல்லத் தயாராக இருக்கிறார்கள். நவம்பரில் கடல் தெளிய ஆரம்பித்தால் பையன்கள் இறங்கிவிடுவார்கள், அதற்கு முன்னால் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
தூத்தூர் பகுதி வாசகர்,
கன்னியாகுமரி மாவட்டம்